நார்வே சிநேகிதர்களோடு நம்ம ஜில்லாவில் ஒரு சுற்று

நார்வே தேசத்தில் மோட்டார் சைக்கிளில் கூட்டமாகச் சுற்றி வருவது என்றால் வண்டிப் பிரியர்களுக்குக் கொள்ளை ஆசை. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் மலைகளுக்கு இடையே புகுந்து வரும் கடல், நடுவே வளைந்து நெளிந்து சாலை. 1936ல் திறக்கப்பட்ட ட்ரோல்ஸ்டிகன் மலைப்பாதையில் மட்டும் 11 கொண்டை ஊசி வளைவுகள்! சாலை முடிந்து கடல் குறுக்கிடும் இடங்களில் வண்டியையும் மனிதரையும் சேர்த்து ஏற்றிக்கொள்ளப் பெரிய படகு காத்திருக்கும்.

அந்தத் தேசத்துக்காரர்கள் செவ்வாப்பேட்டைக்கு வந்து, "எங்க ஊரை நாங்க சுத்தற மாதிரியே உங்க ஜில்லாவைச் சுத்திப் பார்க்கணும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

"இங்கே என்னடி இருக்கு? லாரியும் ஃபாக்டரியும்தான் இருக்கு" என்றார் என் மாமியார். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி என்றாலே பலருக்கும் தோன்றுவது அதுதான்.

வந்தவர் என் கணவருடைய தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்த வந்து சிநேகிதரான இன்ஜினீயர். பத்து வருஷப் பழக்கம். இந்த முறை மனைவியையும், ஹாலந்து தேசத்து நண்பர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். அவர்கள் தை மாதத்தில் வந்ததற்குக் காரணம் உண்டு. நார்வேயின் வடகோடியில் டிசம்பரில் பல வாரங்கள் சூரியன் உதிப்பதே இல்லை. மலைப்பாதைகளைப் பனி மூடிவிடும். வண்டிகள் எல்லாம் கொட்டகைக்குள் போய்விடும். நமக்கோ அந்தச் சமயம்தான் வெயில் தணிந்து, வெளியே போகத் தோதான காலம்.

வண்டி எது தெரியுமா? புல்லட்! ராணுவத்துக்காக 800 வண்டிகள் கேட்கப்பட்ட பிறகு, 1955ல் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் ஆரம்பித்தார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. இங்கிலாந்தில் அந்த வண்டி செய்வது நின்றுபோன பிறகும் இங்கே தொடர்ந்து செய்தார்கள். "உங்க ஊர் வண்டியை உங்க ஊர்லயே ஓட்டணும்" என்று வாடகைக்கு மூன்று புல்லட் எடுத்து வந்துவிட்டார்கள். மூவரிடமும் சர்வதேச ஓட்டுநர் பர்மிட் இருந்தது.

மூன்று புல்லட் என்றேன் அல்லவா? ஒன்று அந்த இன்ஜினீயருக்கு, ஒன்று ஹாலந்துக்காரருக்கு, மூன்றாவது அந்த அம்மாளுக்கு. பெர்கன் நகரத்துப் பள்ளிக்கூட ஆசிரியை, வயது 58, இரண்டு பேரப்பிள்ளைகள். நாலாவது வண்டி எங்களுடையது. கணவர் ஓட்ட, நான் பின்னால். ஐந்தாவது என் ஓரகத்தியின் ஸ்கூட்டர். அதை அவளே ஓட்டினாள். என் கொழுந்தனார் சமர்த்தாகப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்!

"வணக்கம்" என்று அந்த அம்மாள் சொன்ன அழகைக் கேட்க வேண்டுமே! நார்வேயில் இலங்கைத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வடகோடியில் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போய், பிறகு நகரங்களில் குடியேறியவர்கள் பலர். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஹம்சாயினி குணரத்தினம் 2015ல் ஆஸ்லோ நகரத் துணை மேயரானார். 2021ல் நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த அம்மாள் வகுப்பிலும் தமிழ்க் குழந்தைகள் படிக்கிறார்களாம். இடியாப்பத்தை அடையாளம் கண்டு, கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

முதல் நாள் இரவுப் பாடம்

கூட்டமாக வண்டியில் போவதற்கு அவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வழி தெரிந்தவர் முன்னால், அனுபவஸ்தர் ஒருவர் கடைசியில். இருப்பதிலேயே மெதுவாகப் போகும் வண்டி இரண்டாவதாக வர வேண்டும். அப்போதுதான் எல்லோரும் அதன் வேகத்துக்குப் போவார்கள். அது தனியே பின்தங்காது. எங்கள் கூட்டத்தில் அந்த இடம் ஓரகத்தியின் ஸ்கூட்டருக்கு. திருப்பம் வந்தால், பின்னால் வருகிறவர் உங்களைப் பார்க்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். யாரும் யாரையும் துரத்திப் பிடிக்க வேண்டாம்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த விதி. பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஓட்டுகிறவரின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினால் வண்டி நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது.

"முதுகு வலிக்கலாம், தாகமா இருக்கலாம், இல்லே ஒரு பூவைப் பார்க்கணும்னு இருக்கலாம். பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்களும் பிரயாணம்தானே பண்றாங்க? அவங்க மூட்டை இல்லையே" என்றார் அந்த அம்மாள். என் கணவர் மெல்லச் சிரித்தார். நான் அந்த விதியை மனசில் பத்திரமாக முடிந்துகொண்டேன்.

அப்புறம் ஓரகத்தியின் குழந்தை விஷயம் வந்தது. மூன்று வயதுப் பையன். ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு போவது அவன் வழக்கம். "இவனுக்கு ஹெல்மெட் எங்கே?" என்று அந்த அம்மாள் கேட்டதும் வீடே மௌனமாகிவிட்டது.

"குழந்தைக்குப் போய் யாராவது மாட்டுவாங்களா? எல்லாரும் இப்படித்தானே கூட்டிண்டு போறா" என்றார் மாமியார்.

கொழுந்தனார்தான் சட்டத்தைச் சொன்னார். நாலு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், பின்னால் உட்கார்கிறவர்களுக்கும் சேர்த்து, ஹெல்மெட் கட்டாயம். அதற்குக் கீழே 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு 2022 பிப்ரவரியில் தனி விதி அறிவித்து, ஒரு வருஷம் கழித்து அமலுக்குக் கொண்டுவந்தார்கள். குழந்தையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். குழந்தையின் தலை அளவுக்குச் சரியான ஹெல்மெட் வேண்டும். வண்டி 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது.

பட்டையும் இல்லை, சின்ன ஹெல்மெட்டும் இல்லை. ஓரகத்தி யோசித்துவிட்டு, "இவன் பாட்டிகிட்ட இருக்கட்டும்" என்றாள். பையன் அழுதான். அவளுக்கும் கண் கலங்கத்தான் செய்தது. ஆனாலும் மாற்றிக்கொள்ளவில்லை. மறுவாரமே இரண்டையும் வாங்கிவிட்டாள்.

படுத்திருக்கும் தெய்வங்கள்

விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். செவ்வாப்பேட்டை ரோடு ரயில் நிலையத்துக்கு அடுத்த நிலையம் புட்லூர். அங்காள பரமேஸ்வரி கோயிலில் அம்மன் நிறை கர்ப்பிணியாக, மண் புற்று வடிவில் மல்லாந்து படுத்திருக்கிறாள். மேலெல்லாம் மஞ்சளும் குங்குமமும். பிள்ளை வரம் வேண்டி வரும் பெண்கள் அங்கே முந்தானை ஏந்தி நிற்பார்கள். அந்த அம்மாள் வெகு நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அங்கிருந்து திருவள்ளூர். வைத்திய வீரராகவப் பெருமாள் சயனக் கோலம். நோய் தீர வேண்டிக்கொள்கிறவர்கள் ஹிருத்தாபநாசினி குளத்தில் வெல்லத்தைக் கரைப்பார்கள். வெல்லம் கரைவது போல் நோயும் கரையும் என்று நம்பிக்கை. தை அமாவாசையன்று அங்கே கூட்டம் சொல்லி முடியாது.

பிறகு பூண்டி. காலைப் பலகாரம் ஏரிக்கரையில். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி பாடுபட்டதால் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே எழுந்த அணை இது. 1944ல் வேலை முடிந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. சத்தியமூர்த்தி சாகர் என்று அவர் பெயரையே வைத்தார்கள். சென்னையில் குழாயைத் திறக்கும் எத்தனை பேருக்கு இந்தக் கரை தெரியும்!

நாங்கள் புளியோதரையும் இட்லி மிளகாய்ப் பொடியும் பிரித்தோம். அவர்களும் ஒரு பொட்டலம் எடுத்தார்கள். நார்வேயில் குழந்தை முதல் பெரியவர் வரை மத்தியானத்துக்கு இப்படி வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவது பழக்கமாம். ரொட்டித் துண்டின் மேல் பழுப்பு நிறப் பாலாடைக்கட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவே சின்னக் காகிதம். 'மாட்பாக்கே' என்று பெயர். நம்ம கட்டுச்சோற்றுக்கு அசல் ஒன்றுவிட்ட தங்கைதான்!

பூண்டியில் தொல்லியல் துறையின் சிறு அகழ்வைப்பகம் இருக்கிறது. பக்கத்திலே அத்திரம்பாக்கம். 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே ஆதி மனிதர்களின் கல் கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். சாந்தி பப்பு என்ற தமிழகத் தொல்லியல் அறிஞரின் குழு பல வருஷங்கள் அங்கே தோண்டி ஆராய்ந்தது. சில கருவிகள் சுமார் 15 லட்சம் வருஷம் பழமையானவை என்று 2011ல் வெளியான அவர்களது ஆய்வு சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்த ஆய்வுக்குத் தலைமை ஒரு பெண்மணி!

ஊத்துக்கோட்டைக்குப் போகும் வழியில் கிருஷ்ணா நதி நீர் வரும் கால்வாயைப் பார்க்கலாம். 1996ல் முதல் தடவையாகத் தண்ணீர் வந்தது. ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் கொஞ்ச தூரத்தில் சுருட்டப்பள்ளி. ஆலகால விஷத்தை உண்ட சிவபெருமான் களைத்துப் போய், அம்பாள் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கும் அபூர்வக் கோயில். பள்ளிகொண்டீஸ்வரர் என்று பெயர். லிங்க வடிவில் பார்த்துப் பழகிய நமக்கே ஆச்சரியம்தான்.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் சொன்னார்: "காலையிலேர்ந்து மூணு கோயில் பார்த்தோம். மூணுலயும் சாமி படுத்துக்கிட்டிருக்காங்க. உங்க ஊர்ல தெய்வமெல்லாம் நல்லா ஓய்வு எடுக்குது. நீங்க ரெண்டு பேரும்தான் எடுக்கிறதில்லே!"

எல்லோரும் சிரித்தோம். ஓரகத்தி அன்று காலை மூன்றரைக்கே எழுந்து புளியோதரை கிளறியவள். அவள் சிரித்துக்கொண்டே, "அதென்னவோ நிஜம்தான்" என்றாள்.

தண்ணீர் விஷயம்

அவர் இன்னொன்றையும் கவனித்திருந்தார். ஆண்கள் நிற்கும் இடமெல்லாம் தண்ணீர் குடிக்கிறார்கள்; நாங்கள் இருவரும் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டார். ஓரகத்தி என்னைப் பார்த்தாள். பிறகு, "குடிச்சா அப்புறம் எங்கே போறது?" என்று சொல்லிவிட்டாள்.

சகோதரிகளே, பஸ்ஸிலும் ரயிலிலும் கல்யாண வீட்டிலும் நாம் எத்தனை தடவை இப்படித் தொண்டையை வறளவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்! தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டே இருந்தால் சிறுநீர்த் தொற்று வரும். கடுப்பு, எரிச்சல், குளிர் ஜுரம் என்று அது படுத்தும் பாடு அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் ஆபத்து. தொற்று சிறுநீரகம் வரை போய், குறைப் பிரசவத்துக்குக் கூடக் காரணமாகலாம். வெயிலிலும் காற்றிலும் வண்டியில் போகும்போது உடம்பில் நீர் வேகமாகக் குறையும். தலை வலிக்கும், மயக்கம் வரும்.

அங்கேயே திட்டத்தைத் திருத்தினோம். "அடுத்த கோயில் எங்கே" என்று கேட்பதோடு, "அடுத்த சுத்தமான கழிவறை எங்கே" என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டோம். பெட்ரோல் பங்குகளில் கழிவறையும் குடிதண்ணீரும் இலவசமாக இருக்க வேண்டும் என்பது எண்ணெய்க் கம்பெனிகளின் விதி. பூட்டி வைத்திருந்தால் சாவி கேட்கலாம். வெட்கப்பட வேண்டியது நாமல்ல. சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நின்றோம். லார்டால் என்ற இடத்தில் 24.5 கிலோமீட்டர் நீளச் சுரங்கச் சாலை ஒன்றை 2000ல் திறந்தார்களாம். ஒரே மாதிரியான இருட்டில் ஓட்டுகிறவருக்குச் சலிப்பும் தூக்கமும் வரக் கூடாதென்று, சுமார் ஆறு கிலோமீட்டருக்கு ஒரு முறை அதை அகலமாக்கி நீல விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அலுப்பைக் கணக்கில் எடுத்தே சாலை போடுகிறார்கள்! நம்ம பிரயாணத்தில் நாமே அந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டியதுதான்.

பெரியபாளையமும் லாரிச் சாலையும்

பெரியபாளையத்தில் பவானி அம்மன் தரிசனம். ஆரணி ஆற்றங்கரைக் கோயில். ஆடி மாதத்தில் வேப்பிலை ஆடை உடுத்தி வேண்டுதல் நிறைவேற்றும் பெண்களை இங்கே பார்க்கலாம். மர நிழலில் தயிர்சாதமும் மாவடுவும் ஆயிற்று. அரை மணி நேரம் ஜமக்காளத்தில் படுத்தோம். ஆமாம், நாங்களும்தான் படுத்தோம்!

தச்சூர் கூட்டு ரோடில் சென்னை–கல்கத்தா நெடுஞ்சாலை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு இரும்பும் இயந்திரமும் ஏற்றிப் போகும் லாரிகள் வரிசை வரிசையாக வருகின்றன. பக்கத்தில் கடக்கும்போது காற்று நம்மைத் தள்ளும். ஹாலந்துக்காரர் ஒரு சூட்சுமம் சொன்னார்: "லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் உங்களையும் அவருக்குத் தெரியவில்லை." ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய வாக்கியம்.

என் வண்டிப் பின்சக்கரத்தில் உள்ள கம்பிக் கூடு அவர்களுக்குப் பெரிய விந்தை. "இது எதுக்கு?" என்றார்கள். "புடவை சிக்காமல் இருக்க" என்றேன். நம்ம தேசத்தில் பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், சக்கரத்தைப் பாதியாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும் என்று விதி. அழகு கெடுகிறது என்று சிலர் கழற்றிவிடுகிறார்கள். துப்பட்டா ஒரு நொடி சக்கரத்தில் சுற்றினால் கழுத்தையே இறுக்கிவிடும். அழகா முக்கியம்?

பழவேற்காடு

பொன்னேரி தாண்டியதும் காற்றில் உப்பு வாசனை. ஒரிஸாவின் சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும் பகுதி ஆந்திரப் பக்கம். தை மாதத்தில் பூநாரைகள் வரும். தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரி தெரிந்தது. இறக்கை விரித்தபோதுதான் உள்ளே ஒளிந்திருந்த இளஞ்சிவப்பு தெரிந்தது. அப்படியே வாயடைத்து நின்றோம்.

முழங்கால் தண்ணீரில் பெண்கள் சிலர் குனிந்து, சேற்றில் கையால் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பை. மணிக்கணக்கில் அப்படிக் குனிந்தே நிற்பது எவ்வளவு கஷ்டம்! கடைத்தெருவில் கூறு கட்டி விற்கும் இறாலைப் பேரம் பேசும்போது அந்த முதுகுகள் இனி நினைவுக்கு வரும்.

டச்சுக்காரர்கள் இங்கே 1600களின் தொடக்கத்தில் வந்து, 1613ல் கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். நம்ம நெசவாளர்களின் துணியை வாங்கி, கிழக்கே தீவுகளுக்குக் கொண்டுபோய் மிளகுக்கும் கிராம்புக்கும் மாற்றினார்கள். 1825ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கோட்டை அழிந்து புதர் மண்டிவிட்டது. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு உருவங்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஹாலந்துக்காரர் மண்டியிட்டு உட்கார்ந்து, 400 வருஷத்துக்கு முந்தைய தன் பாஷையை எழுத்துக்கூட்டிப் படித்தார். "எவ்வளவு தூரம் வந்து படுத்திருக்காங்க" என்றார் மெதுவாக.

பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளும் கூடைகளும் வாங்கினோம். ஏரியில் படகுச் சவாரி போகலாமா என்ற பேச்சு வந்தபோது, கொழுந்தனார் தலையை ஆட்டினார். 2011 கிறிஸ்துமஸ் தினத்தன்று உல்லாசமாகப் போன படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் உயிர் போயிற்று. உயிர்காப்புச் சட்டை இல்லாத படகு. கரையில் நின்றே பூநாரைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அதில் எங்களுக்கு ஒரு குறையும் தோன்றவில்லை.

பொன்னேரி, செங்குன்றம், ஆவடி வழியாக வீடு. மொத்தம் 170 கிலோமீட்டருக்கு முன்பின் இருக்கும். நான் ஆறு தடவை தோளில் தட்டினேன். ஆறு தடவையும் வண்டி நின்றது.

நீங்களும் கிளம்புகிறீர்களா?

* புடவையானால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். சுடிதாரானால் துப்பட்டாவை முடிச்சுப் போடுங்கள். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதே பத்திரம்.

* ஹெல்மெட்டின் வார் பூட்டியிருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் தலை ஒன்றுதான்.

* கர்ப்பிணிகளும், பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் நீண்ட தூரம் வண்டியில் போக வேண்டாம்.

* கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போவதைவிட ரயிலோ பஸ்ஸோ மேல்.

* மணிக்கு ஒரு தடவை இறங்கி, நாலு எட்டு நடந்து, தண்ணீர் குடியுங்கள். ஒரு உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பையில் இருக்கட்டும்.

* கழிவறை எங்கே என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்து வையுங்கள்.

எந்த ஜில்லாவானாலும், இருபது மைல் சுற்றளவுக்குள் நாம் பார்க்காத கோயிலும் குளமும் பழைய கல்லும் கட்டாயம் இருக்கும். அதற்கு நார்வே போக வேண்டியதில்லை, புல்லட்டும் வேண்டியதில்லை. நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிற ஒருவர் முன்னால் இருந்தால் போதும். அப்படி யாரும் இல்லையென்றால், என் ஓரகத்தி மாதிரி நீங்களே ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள்!